பாரைக்குப் போடுகிற தங்கூசி

என் மச்சாளுக்கும் எனக்கும் ஒத்துவராது. இதை முதலே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது லேசு.

அவளுடைய அப்பா என் அம்மாவின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா. திருகோணமலையில், அன்புவழிபுரத்தில் இரண்டு வீடும் அடுத்தடுத்த வளவு. நடுவில் ஒரு கிணறு. அந்தக் கிணறு யாருடைய காணிக்குள் விழுகிறது என்ற தகராறில் பெரிய மாமாவும் என் அப்பாவும் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டுவிட்டார்கள். விட்டதோடு நிற்காமல் வேலியைக் கொண்டுவந்து கிணற்றுக் கட்டில் முட்டவிட்டார்கள். கிணற்று வாயில் அந்தப் பக்க அரைவாசி அவர்களுக்கு, இந்தப் பக்க அரைவாசி எங்களுக்கு. விடியப்புறம் இரண்டு வாளியும் ஒரே நேரத்தில் இறங்கினால் உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மேலே நானும் அவளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து முறைப்போம். கயிற்றை முதலில் இழுப்பவள் தோற்றவள்.

அம்மாவுக்கும் பெரிய மாமாவுக்கும் ஒரு தம்பி. எனக்குச் சின்ன மாமா, அவளுக்குச் சித்தப்பா. கனடா போய்ச் சேர்ந்த கையோடு, ஊருக்கு வந்த யாரிடமோ இரண்டு பட்மின்ரன் றக்கற் கொடுத்து அனுப்பினார். சண்டை வரக்கூடாது என்று இரண்டும் ஒரே நீலம், ஒரே பாரம், ஒரே உறை. பனிக்குள் இருக்கிற மனிசனுக்கு எங்கட வீடுகளைப் பற்றி அவ்வளவுதான் ஞாபகம் இருந்தது. ஒரே மாதிரி றக்கற் கொடுத்தால் சண்டை நிற்குமா? யார் நல்லா அடிக்கிறாள் என்ற சண்டைதான் தொடங்கியது.

விளையாடுகிற இடத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த சனம் கூடாரம் போட்டு இருந்தது. அதனால் எங்கட விளையாட்டு வாத்தியாரான சேர், துறைமுகப் பக்கம் வெறுமையாகக் கிடந்த ஒரு பழைய நெல் களஞ்சியத்தைக் கேட்டு வாங்கி, தரையில் சுண்ணாம்பால் களம் கீறி, வலை கட்டினார். கூரை உயரம்தான். ஆனால் கூரையைத் தாங்குகிற இரும்பு வளைகள் குறுக்கே தாழ்வாக ஓடின. பக்கக் கோட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை; கையை அகட்டி வீசினால் விரல் முட்டி தேயும். மேற்குப் பக்கக் கதவு எப்போதோ கழன்று போனது. கச்சான் என்கிற மேல்காற்றின் காலத்தில் அந்த வாசலால் காற்று நுழைந்து, சட்டில் என்கிற இறகுப் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். இரகசியமாக நீந்தி வருகிறவர்களுக்குப் பயந்து கடற்படைக்காரர் நினைத்த நேரம் துறைமுகத் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். சத்தம் காதுக்கு வர முன்னம் சீமெந்துத் தரையால் உள்ளங்காலுக்கு வந்துவிடும். பிறகு வளையில் இருந்து பழைய உமி கொஞ்சம் தலையில் கொட்டும்.

இதற்கெல்லாம் சேர் விதி வைத்திருந்தார். சட்டில் வளையில் தட்டினால் அடித்தவளுக்குப் பிழை. காற்று யாருக்கும் சொந்தமில்லை. வெடி கேட்டால் விளையாட்டு நிற்காது. கோட்டருகே விழுந்தால், விழுந்த பக்கத்து ஆள்தான் 'உள்ள' அல்லது 'வெளிய' என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னதுதான் தீர்ப்பு, மற்றவள் வாய் திறக்கக் கூடாது. கோடு பார்க்க ஆள் இல்லாததால் வந்த விதி. அந்த விதியைத்தான் எனக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. மச்சாளின் வாயில் என் பொயின்ற்றைக் கொண்டுபோய் வைப்பதா?

அந்த வருசம் கொழும்பில் பாடசாலைகளுக்கான போட்டிக்கு எங்களிடம் ஒரு பெண்பிள்ளையைக் கேட்டு வந்தது. ஒரே ஒரு பிள்ளை. ஒரு கிழமை அங்கே தங்க வேண்டும். சேர் சொல்லி வாய் மூட முன்னமே என் நெஞ்சு பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டது. நினைவு தெரிந்த நாளில் இருந்து நான் கொழும்புப் பாதையில் ஹபரணைச் சந்திக்கு அங்கால் போனதில்லை. போவதென்றால் ஆமிக்காரரிடம் பாஸ், பாஸ் எடுப்பதற்குக் காரணம், காரணத்துக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு பெரிய மனிதர். திருகோணமலை வடிவான ஊர்தான். வடிவான ஊருக்குள் பூட்டி வைத்தாலும் பூட்டு பூட்டுத்தான். எனக்கு வெளியே போக வேண்டும். மரத் தரையில், வளை இல்லாத கூரைக்குக் கீழே விளையாட வேண்டும். அவளுக்கும் அதேதான் வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் பத்தியது.

"வாற சனிக்கு அடுத்த சனி ரெண்டு பேரும் விளையாடுங்கோ. வெல்லுறவள் போகலாம்" என்றார் சேர். "ஆனால் போற ஆள் ரெண்டு றக்கற்றோட போகவேணும். நடுவில நூல் அறுந்தால் அங்க இரவல் தர ஒருத்தரும் இல்லை. பள்ளிக்கூடத்து இரும்பு றக்கற் பெடியளோட போகுது. ஆனபடியா வெல்லுறவள் தோக்கிறவள்ட றக்கற்றையும் கொண்டு போறாள். விளங்கிச்சோ?"

"சேர், இவள்ட றக்கற் எனக்கு வேண்டாம். வியர்வை நாறும்" என்றாள் மச்சாள்.

"நாறினா மூக்கைப் பொத்திக்கொண்டு விளையாடு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் அப்போதே என் றக்கற் அவள் கையில் கொழும்புக்குப் போவதை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அன்று பின்னேரமே என் நூல் அறுந்தது. பயிற்சி ஆட்டம். அவள் தூக்கிப் போட்டதை நான் பாய்ந்து அடித்தேன். அடிக்கிறது என்றால் எனக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் என்னை எல்லோரும் 'வெடி' என்றுதான் சொல்வார்கள். 'ரிங்' என்று ஒரு சத்தம். சட்டில் வலையில். என் றக்கற்றின் நடுவில் நூல்கள் விட்டுப்போய்ச் சிலந்தி வலை மாதிரித் தொங்கின.

மச்சாள் வலையடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "பிரேமையும் உடைச்சிருக்கலாமே. ஏன் மிச்சம் விட்டனி?"

நகரத்தில் விளையாட்டுச் சாமான் வைத்திருந்த ஒரே கடையில், சாமான் லொறிகளுக்குப் பாதை திறந்தால் நூல் வரும் என்றார்கள். பாதை எப்போது திறக்கும் என்று கேட்டேன். கடைக்கார ஐயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளை, அதை என்னட்டையோ கேக்கிறீங்கள்?" என்றார். அவரிடம் கேட்டு என்ன பிரயோசனம்.

வெளியே வந்து நடக்கும்போதுதான் வலைக்கடை கண்ணில் பட்டது. வாசலில் தங்கூசி சுருள் சுருளாகத் தொங்கியது. மீன் பிடிக்கிற நைலோன் இழை. மீனைத் தாங்குவது சட்டிலைத் தாங்காதா? எனக்கு மூளை இப்படி நெருப்புக்குச்சி மாதிரிப் பத்தும்; அணைப்பதற்கு ஆள் பக்கத்தில் இருக்காது. நேரே உள்ளே போனேன்.

"தங்கூசி வேணும்."

"என்ன மீனுக்கு?"

அங்கேதான் பிழை நடந்தது. அந்தக் கடையில் தங்கூசி வாங்க வருகிற எவரிடமும் கேட்கிற கேள்விதான். அதற்கு ஒரு மீனின் பெயரைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். றக்கற்றுக்கு என்று சொன்னால் கடையில் நின்ற நாலு பேரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த மீன்களில் எது பலமாக இழுக்கும் என்று யோசித்தேன்.

"பாரை மீனுக்கு."

"சின்னப் பாரையோ, பெரிசோ?"

"பெரிசு."

அவர் ஒரு சுருளைத் தூக்கிப் போட்டார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டு வந்தேன். பெரிய பாரை இழுத்தாலும் அறாது என்றால் மச்சாள் அடித்தாலும் அறாதுதானே.

வீட்டில் பழைய நூலை ஒரு இழை கழற்றுவதும், அதே துளையால் தங்கூசியை விடுவதுமாக இருந்தேன். தங்கூசி துளைக்குள் போக மாட்டேன் என்றது. கேத்திரகணிதப் பெட்டிக் கவராயத்தின் முனையால் துளையைக் குடைந்து குடைந்து விட்டேன். இழுத்து இறுக்குவதுதான் பெரிய பாடு. அப்பாவின் குறட்டால் பிடித்தால் வழுக்கியது. கடைசியில் இழை நுனியைக் கிணற்றுத் தூணில் சுற்றிக் கட்டி, றக்கற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கிணற்றுக் கட்டில் ஊன்றி, உடம்புப் பாரம் முழுக்கப் போட்டுப் பின்னால் சாய்ந்தேன். இறுகிய இழை தளராமல் இருக்கத் துளைக்குள் கவராய முனையைக் குத்திவிட்டு அடுத்த இழைக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்து அடுத்த பக்கத்தில் வாளி கிணற்றுக் கட்டில் 'டங்' என்று வைக்கப்பட்டது.

"என்னடி, கிணத்துக்குள்ள தூண்டில் போடுறியோ? எங்கட பக்கத்து மீனைப் பிடிச்சுப்போடாத."

"உங்கட பக்கத்தில தவளைதான் கிடக்கு."

"தவளைக்கு இவ்வளவு மொத்தத் தங்கூசி தேவையில்லை. ஆமை பிடிக்கலாம்."

அவள் வாளியை இறக்கினாள். வேண்டுமென்றே மெதுவாக இறக்கினாள். நான் சாய்ந்த நிலையிலேயே நின்றேன். காலை எடுத்தால் இழை தளர்ந்துவிடும். அவள் தண்ணீர் அள்ளி, கால் கழுவி, முகம் கழுவி, திரும்பவும் கால் கழுவிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் களஞ்சியத்துக்குப் போகும் வழியில் ஆமிக் காவலரணில் உறையைத் திறக்கச் சொன்னார்கள். வழமைதான். பிடியைத் தட்டிப் பார்ப்பார்கள், உள்ளே பொள்ளலா என்று. அன்று நின்றவன் புதிய ஆள். இழையை விரலால் சுண்டினான். அவன் முகம் மாறியது. "தங்குஸ்!" என்று சிங்களத்தில் கத்தி, மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். "மாலு? மாலு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மீன் துள்ளுவது மாதிரிக் கையை ஆட்டினான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோளில் துவக்கு ஆடியது. அவனும் எந்தக் கடற்கரையில் தூண்டில் போட்டவனோ. எனக்கு அவனோடு சேர்ந்து சிரிக்க விருப்பமில்லை. றக்கற்றைப் பறித்துக்கொண்டு போக முடியாதபடியால் அவர்கள் சிரித்து முடியும் வரைக்கும் வெயிலில் நின்றேன்.

அன்று ஆடின ஆட்டம் மாதிரிக் கேவலம் என் வாழ்க்கையில் இல்லை. முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. 'ரிங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்றது, ஈரச் சாக்கில் அடித்த மாதிரி. என் வெடி, வலையைத் தாண்டி, களைத்துப்போன மனிசன் மாதிரி நடந்து போய் அவள் முன்னால் நின்றது. பின்கோட்டுக்குத் தூக்கினால் பாதிக் களத்தில் விழுந்தது. அவள் அதை அடி அடி என்று அடித்தாள். ஒன்று என் தோள்மூட்டில் பட்டது. "சொறி" என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தில் இருந்து வருகிற ஒரு சிநேகிதி எனக்கு இருந்தாள். அவள் றக்கற்றை வாங்கி இழையைத் தடவிப் பார்த்தாள்.

"எடியே, இது பெரிய பாரைக்குப் போடுறதெல்லே! மெல்லிசு இருக்கு, கேட்டு வாங்கியிருக்கலாம்."

"பலமானதெண்டு நினைச்சன்."

"பலம்தான். இது சாய்ஞ்சு குடுக்காது, உதைக்காது. மீன் இழுக்க வேணும், இது நிக்க வேணும். நீ அடிக்கிறதையும் சேத்துத் தின்னுது." பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்ல வேளை, சுறாவுக்கெண்டு கேக்கேல்லை."

மெல்லிசு வாங்க மறுபடி போனேன். வலைக்கடை பூட்டிக் கிடந்தது. கடலுக்குப் போகத் தடை போட்டிருந்தார்கள். தடை போட்டால் கடையும் பூட்டு. ஆக, இந்த றக்கற் ஒன்றுதான் எனக்கு. அதைச் சுவரில் அடித்து உடைக்கலாமா என்று ஒருமுறை ஓங்கியும் பார்த்தேன். உடைத்தால் அவள் சிரித்தபடி பஸ் ஏறுவாள். இறக்கிவிட்டேன்.

கோபத்தில்தான் கண்டுபிடித்தேன். தனியாகக் களஞ்சியத்தில் நின்று, அடிக்கிறதை விட்டு, சட்டிலைச் சும்மா சுவரில் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தேன். தள்ளிய இடத்துக்கே போனது. திரும்பத் தள்ளினேன். அதே இடம். பழைய நூலில் சட்டில் பட்டதும் பறந்துவிடும். எங்கே போகிறது என்று அது தீர்மானிக்கும், நான் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பேன். தங்கூசியில் சட்டில் வந்து ஒரு கண் இமைக்கிற நேரம் தங்கிப் போகிறது. அந்த நேரத்துக்குள் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும், திருப்பிய பக்கம் போகும். சுவரில் இருந்த ஒரு பழைய எண்ணெய்க் கறையைக் குறிவைத்தேன். பட்டது. பட்டது. பட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் நல்ல றக்கற் என்றால் பலமாக அடிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த றக்கற்றிடம் பலம் கேட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உயர்த்தி அடிக்கக் கேட்டால் பாதி வழியில் விட்டுவிடும். ஆனால் வலைக்கு அருகே மெல்லத் தட்டிப் போடக் கேட்டால், வலை நூலைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் விழும், எழும்பாது. எதிராளி விழுத்தி அடித்தால் வீசவே தேவையில்லை. சும்மா முன்னால் பிடித்தால் போதும். அவளுடைய வேகத்தைத் தங்கூசி தின்றுவிட்டு, சட்டிலை வலைக்கு அங்கால் மெல்லத் துப்பும். கையை அகட்டத் தேவையில்லாதபடியால் சுவரும் முட்டியைத் தேய்க்காது. உயர்த்தி அடிக்காதபடியால் வளையும் தட்டாது. தாழப் போகிறபடியால் கச்சானுக்கும் பிடிக்க ஒன்றும் இல்லை. அந்தக் களஞ்சியத்தில் என்னென்ன எனக்கு எதிரியாக இருந்ததோ எல்லாம் இப்போது அவளுக்கு மட்டும் எதிரி. இந்த நினைப்பு எனக்குத் தந்த சந்தோசத்தை எழுதினால் நல்ல பிள்ளை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு குறை இருந்தது. தங்கூசி வெக்கைக்கு இளகும். ஆகவே ஒவ்வொரு நாளும் விடியக் கிணற்றடியில் கடைசி முடிச்சை அவிழ்த்து, சாய்ந்து இழுத்து, திரும்ப முடிவேன். மச்சாள் பல்லு விளக்கிக்கொண்டு பார்ப்பாள். "பாரை அம்பிட்டுதோ?" என்பாள். "சனிக்கிழமை அம்பிடும்" என்பேன்.

சனிக்கிழமை வந்தது. சேர் வலைக் கம்பத்தடியில் கதிரை போட்டு இருந்தார். எங்கட வகுப்புப் பெட்டையள் சுவரோரம் சாக்கில் இருந்தார்கள். பெரிய மாமாவும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை; ஒருவர் வந்தால் மற்றவரும் வர வேண்டியிருக்குமே.

முதல் ஆட்டம் அவளுக்குப் போனது. என் கை இன்னும் பழைய குணத்தை விடவில்லை. நல்லதொரு உயரச் சட்டில் வந்தால் 'வெடி' என்னை மீறிப் பாயும். தங்கூசி 'தொப்' என்று சொல்லி என்னைக் கேவலப்படுத்தும். பக்கம் மாறும்போது வலைக்குக் கீழே குனிந்தபடி அவள் சொன்னாள்: "மச்சாள், உன்ர மீன் செத்துப்போச்சு."

இரண்டாம் ஆட்டத்தில் நான் அடிக்கவே இல்லை. ஒன்றுகூட. அவள் அடித்தாள், நான் பிடித்து வைத்தேன். அவள் பின்னால் நின்றால் வலையடியில் போட்டேன், ஓடி வந்தால் தலைக்கு மேலால் கொஞ்சமாகத் தள்ளினேன். இடது மூலை, வலது மூலை, திரும்ப இடது. அப்போதைய விதிப்படி சர்வீஸ் கையில் இருந்தால்தான் பொயின்ற். ஆனபடியால் ஒரு பொயின்ற்றுக்கே மூச்சு வாங்கும். அவளுடைய முகம் சிவந்தது. மூன்றாம் நாலாம் தடவையும் தன் முழுப்பலத்தோடு அடித்தது வலையோரம் செத்து விழுந்தபோது, அவள் காலைத் தரையில் உதைத்தாள்.

"விளையாடடி! தடவிக்கொண்டு நிக்கிறாய்!"

"சேர், கதைக்கிறாள்" என்றேன்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ" என்றார் சேர்.

அவள் ஆத்திரத்தில் உயர்த்தி அடித்தாள். வளையில் 'டாங்' என்று பட்டுத் திரும்பியது. சல்லிக்காரி சாக்கில் இருந்து எழும்பிக் கூவினாள்: "இழு, இழு, தூண்டிலை இழு!" பெட்டையள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் ஆட்டம் எனக்கு.

மூன்றாவதில் அவளும் கெட்டிக்காரிதான் என்று காட்டினாள். இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் உண்மை. என் றக்கற் பின்கோட்டுக்கு எட்டாது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்னுக்கு வந்து நின்றுகொண்டு, நான் மெல்லப் போடுவதை எல்லாம் வலையடியிலேயே கொத்தினாள். ஒன்றை என் கழுத்துக்கே அடித்தாள். இந்தமுறை "சொறி"யும் இல்லை. நான் அடுத்ததை அவள் கால்விரலுக்கு நேரே தள்ளினேன். குனிந்து எடுக்க ஏலாமல் தடுமாறி முழங்கால் குத்தினாள். இப்படியே ஏறி ஏறி வந்து, எனக்கு வெல்ல ஒரு பொயின்ற், அவளுக்கு இரண்டு. சர்வீஸ் என் கையில்.

குட்டையாகப் போட்டேன். அவள் பின்மூலைக்குத் தூக்கினாள். கச்சான் தள்ளியும் சட்டில் உள்ளேதான் வந்தது. எட்டி எடுத்தேன், பாதியில் விழப்போனது. அவள் அடித்தாள். பிடித்தேன். திரும்ப அடித்தாள். பிடித்தேன். உள்ளங்காலில் 'தும்' என்று வந்தது, துறைமுகத்துக்குள் வெடி. உமி கொட்டியது. விளையாட்டு நிற்காது. மூன்றாம் முறை அவள் அடிக்கவில்லை, என்னை ஏமாற்றி வலையடியில் மெல்லப் போட்டாள், என்னிடம் பார்த்துப் பழகியது. நான் விழுந்தபடி றக்கற்றை நீட்டினேன். சட்டில் வந்து தங்கூசியில் தங்கியது. தங்கிய அந்தக் கண நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பினேன். சட்டில் வலையோரமாக, குறுக்கே, சுவர்ப்பக்கக் கோட்டை நோக்கிப் போய், சுவருக்கும் அவளுடைய காலுக்கும் இடையில் விழுந்தது.

நான் தரையில் கிடந்தேன். எனக்குக் கோடு தெரியவில்லை. சேருக்கும் தெரியவில்லை, அவள் மறைத்துக்கொண்டு நின்றாள். பெட்டையளுக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும்தான் தெரியும். விதிப்படி அவள்தான் சொல்ல வேண்டும். 'வெளிய' என்று ஒரு சொல் சொன்னால் சர்வீஸ் அவளுக்குப் போகும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு நல்லாத் தெரியும். என் கையில் சீவன் இல்லை.

அவள் கீழே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிணற்றடியில் முறைக்கிற அதே பார்வை.

"உள்ள" என்றாள்.

அவள் குனிந்து சட்டிலை எடுத்து வலைக்கு மேலால் எறிந்தாள். "அப்பிடிப் பாக்காத. உன்னட்டக் களவெடுத்துத்தான் போகவேணுமெண்டா நான் போகாமலே இருப்பன். போ. உன்ர பாரையையும் தூக்கிக்கொண்டு போ."

நன்றி சொல்லலாம் என்று வாய் வந்தது. அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் திரும்பப் போய்விட்டது.

"றக்கற்" என்று சேர் நினைவுபடுத்தினார்.

"பஸ்ஸடியில குடுக்கிறன் சேர்" என்று சொல்லிவிட்டு உறையை மாட்டிக்கொண்டு போனாள்.

புறப்படுகிற அன்று விடிய, பஸ் நிலையத்தில் அவள் வருவாள் என்று நான் நம்பவில்லை. வந்தாள். பள்ளிக்கூடச் சீருடையோடு, தலையை இழுத்துப் பின்னிக்கொண்டு வந்தாள். நான் யன்னலோரம் இருந்தேன். உறையை யன்னலால் நீட்டினாள். பாரம் குறைவாக இருந்தது. திறந்தேன்.

வெறும் பிரேம். ஒரு நூல் இல்லை. கத்தியால் வெட்டினால் ஒரு பக்கம் இழுத்து பிரேம் கோணிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நடுவில் இருந்து வெளியே, ஒவ்வொன்றாக, முறையாகக் கழற்றி எடுத்திருந்தாள். பிரேமில் ஒரு கீறல்கூட இல்லை. குற்றம் சொல்லவும் இடம் வைக்கவில்லை, சனியன்.

"நூல் எங்க?"

"றக்கற்தானே கேட்டவர். நூலைப் பற்றி சேர் ஒண்டும் கதைக்கேல்லை."

"சேர்!" என்று கத்தினேன். சேர் முன்னால் பெடியளின் பைகளை எண்ணிக்கொண்டிருந்தார், கேட்கவில்லை.

"ஏன் கத்துறாய்? உனக்குத்தான் தங்கூசி வடிவா ஓடுமே. இதுக்கும் கட்டு." பஸ் உறுமியது. அவள் யன்னலோடு கூட நடந்தபடி சொன்னாள்: "இறுக்கிக் கட்டு. தொளதொளவெண்டு கட்டி எங்கட பள்ளிக்கூடத்தின்ர பேரைக் கெடுக்காத."

என் பையில் மிச்சச் சுருள் இருந்தது. அறுந்தால் உதவும் என்று கொண்டு வந்தது. கவராயமும் இருந்தது. சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய், மறுபடி ஏறினோம். ஒவ்வொரு முறையும் தங்கூசிச் சுருளையும் நூலில்லாத றக்கற்றையும் தூக்கிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் சேர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளையாட்டு, விளையாட்டு என்றார். அவர்கள் மீன், மீன் என்று சிரித்தார்கள். எனக்கு இனிச் சிரிப்பு உறைக்கவில்லை.

ஹபரணைச் சந்தி தாண்டியது. நான் இவ்வளவு காலம் ஏங்கிய பாதை யன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. முன் கதிரையின் இரும்பில் இழை நுனியைச் சுற்றிக் கட்டி, காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சேர், என் முழங்கை மூன்றாம் முறையும் விலாவில் பட்டதும் எழும்பி வேறு இடம் போய் இருந்தார்.

இழுத்துக்கொண்டே முடிவெடுத்தேன். திரும்பி வந்ததும் அவளுடைய றக்கற்றை அவளிடம் கொடுப்பேன். கிணற்றடியில், வேலிக்கு மேலால், மரியாதையாகக் கொடுப்பேன். பெரிய பாரைக்குப் போடுகிற தங்கூசியோடு, துளை துளையாக இறுகினபடி. கழற்றிப் பார்க்கட்டும். கழற்ற ஏலாவிட்டால் அதோடு விளையாடட்டும். விளையாடிப் பழகிவிட்டாள் என்றால் அடுத்த வருசம் எனக்குக் கரைச்சல்தான். அது தெரிந்துதான் அடுத்த இழையை இன்னும் இறுக்கி இழுத்தேன்.